இரண்டு தடைகளும் ஒரு தூக்குப் பாலமும்

வாஷிங்டன் போட்ட தடைக்காவது ஆறு மாதம் என்று ஒரு கெடு இருந்தது. எங்கள் கவுன்சில் போட்ட தடைக்கு அதுவும் கிடையாது. முட்டாள்தனம் என்று இறங்கிவிட்டால் எங்கள் ஊர்க்காரர்கள் பக்கத்தில் வாஷிங்டன்காரன் நிற்க முடியாது. இதை நான் வெளியிலிருந்து சொல்லவில்லை. அமெரிக்காவில் லூயிசியானா மாநிலத்தின் இந்தத் தென்கோடிக் கால்வாய்க் கரையில் பிறந்து, பதினெட்டு வருஷமாக இதே கவுன்சிலில் எழுத்தராக உட்கார்ந்திருக்கிறவள் சொல்கிறேன்.

அந்தக் கோடையில் கடலடியில் ஒரு கிணறு வெடித்து எண்ணெய் பீறிட்டது. ஆறு மாதத்துக்கு ஆழ்கடலில் யாரும் எண்ணெய்க்குத் துளை போடக்கூடாது என்று வாஷிங்டனிலிருந்து உத்தரவு வந்தது. என் புருஷன் உலிஸ் இருபத்திரண்டு வருஷம் எண்ணெய் மேடையில் துளை போட்டவன். பதினான்கு நாள் கடலில், பதினான்கு நாள் வீட்டில். கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வாழ்க்கை அப்படித்தான். பதினைந்தாம் நாள் காலையும் அவன் என் சமையலறையில் நின்றுகொண்டு, மசாலா டப்பாக்களை அகர வரிசையில் அடுக்கியபோதுதான் தடை என்றால் என்னவென்று எனக்கு உறைத்தது.

வாஷிங்டனைத் திட்டித் திட்டி அவனுக்குத் தொண்டை கட்டியது. லாரியின் பின்பக்கம் ஒரு வாசகத்தை ஒட்டினான். அதை இங்கே எழுத முடியாது. கால்வாயில் பாதி வண்டிகளில் அதே வாசகம் இருந்தது. பிறகு ஒரு நாள் வாயை மூடிக்கொண்டு, இருந்த சேமிப்பையெல்லாம் வழித்தெடுத்து, பழைய இறால் படகு ஒன்றை வாங்கி வந்தான். பெயர் ஓரோர். இரண்டு மாதம் பழைய சாயத்தைச் சுரண்டினான், ஓட்டையை அடைத்தான், வெள்ளையடித்தான். ஆகஸ்ட் நடுவில் ஒரு திங்கட்கிழமை வெள்ளை இறால் பிடிப்பு தொடங்கும். முதல் வாரம் தவறினால் பருவத்தில் பாதி போனது மாதிரி.

அதற்கு முந்தின ஞாயிறு படகு மந்திரிப்பு, பாதர் ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்துப் படகுகளை ஆசீர்வதிக்கிற திருவிழா. மந்திரிக்காத படகிலிருந்து எங்கள் கால்வாயில் ஒருத்தரும் வலை இறக்க மாட்டார்கள். உலிஸ் பேசி வைத்திருந்த இரண்டு வலையாட்களும் மந்திரிக்காத படகில் கால் வைக்க மாட்டோம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள். அவ்வளவு தூரம் போவானேன், பாதர் பென்வாவை நம் கரைக்கே கூட்டி வந்து தண்ணீர் தெளிக்கச் சொல்லலாமே என்று நான் கேட்டேன். ஞானஸ்நானத்தைத் தபாலில் அனுப்பச் சொன்னவளைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தான். படகு தன் சொந்த இன்ஜினில் ஓடி, மற்றப் படகுகளோடு வரிசையில் போய், தூக்குப் பாலத்தைத் தாண்டி, மாதா கோயில் துறையில் நிற்கும் பாதர் முன்னால் வேகம் குறைத்தால்தான் அது மந்திரிப்பு. மற்றதெல்லாம் கார் கழுவுகிற வேலை.

இப்போது கவுன்சில் கதைக்கு வருகிறேன். எண்ணெய் வேலை நின்றதும் வரி வரவு சரிந்தது. உறுப்பினர் டெலஸ்ஃபோர் கிட்ரோ எழுந்து, வாஷிங்டனுக்குப் பாடம் புகட்ட நாமும் ஒரு தடை போடுவோம் என்றார். துளை போட விடும்வரை கவுன்சில் புதிதாக ஒரு காசு செலவழிக்காது. கூடுதல் நேரச் சம்பளம் இல்லை, ஒன்றும் இல்லை. வாஷிங்டன் இதைக் கேட்டு எப்படிப் பாடம் படிக்கும் என்று யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் டிவிக்காரர்கள் வந்திருந்தார்கள். அவசரச் செலவுக்கு மட்டும் விலக்கு என்று தீர்மானத்தில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம் என்று நான் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன்.

"எல்மீர், நீ எழுதுறவ. முடிவெடுக்குறது நாங்க" என்றார் கிட்ரோ.

எழுதினேன். ஒன்பதுக்கு ஒன்பது ஓட்டு. கைதட்டல் தெருவரை கேட்டது.

மந்திரிப்புக்குப் பத்து நாள் இருக்கும்போது பாலத்தை இயக்குகிற வெர்டீன் ஆபீசுக்கு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை பாலம் தூக்கினால் அது கூடுதல் நேரம், கூடுதல் நேரத்துக்குத் தடை, ஆகவே பாலம் தூக்காது என்றாள். பாலத்துக்கு மேற்கே நாற்பது படகு, கோயில் கிழக்கே. எல்லாவற்றுக்கும் முன்னால் தலைமைப் படகாகப் போக வேண்டியது கிட்ரோவின் படகு. அவர் மனைவி அதற்காகப் புதுச் சட்டை தைத்து வைத்திருந்தாள்.

அவசரக் கூட்டம் போட்டார்கள். தடையை எடுத்துவிடுவோம் என்றார் கிட்ரோ. எடுக்கலாம், ஆனால் எடுக்கிற தீர்மானத்தைப் பத்திரிகையில் அறிவிப்பாகப் போட்டால்தான் செல்லும் என்றார் கவுன்சில் வக்கீல். அறிவிப்புக்குக் காசு வேண்டும். காசு செலவழிக்கத் தடை. பத்திரிகைக்காரர் சும்மாவே போடுகிறேன் என்றார். அது நன்கொடை, நன்கொடையை ஏற்கத் தீர்மானம் வேண்டும், அந்தத் தீர்மானத்தையும் பத்திரிகையில் போட வேண்டும் என்றார் வக்கீல். வெர்டீன் சம்பளமில்லாமல் வருகிறேன் என்றாள். தன் சொந்த வேலையைச் சும்மா செய்யச் சட்டம் விடாதாம். கிட்ரோ தானே போய்ப் பொத்தானை அமுக்குவதாகச் சொன்னார். அதற்குப் பயிற்சி வேண்டும், பயிற்சிக்குக் கட்டணம். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. குறிப்பேட்டில் அன்றைய கடைசி நாலு வரி கோணல்மாணலாக இருக்கும், இன்றும் போய்ப் பார்க்கலாம்.

வீட்டுக்கு வந்து உலிஸிடம் நடித்துக் காட்டினேன், வக்கீல் குரலிலேயே. அவன் படகின் பெயருக்கு நீலம் தீட்டிக்கொண்டிருந்தான். சிரிக்கவில்லை. தூரிகையை டப்பாவில் வைத்தான்.

"அப்போ திங்கக்கிழமை நான் போகல" என்றான்.

இவன் வாழ்நாள் உழைப்பு முழுவதும் இந்தப் பலகைகளில் கிடக்கிறது, நான் அதைச் சொல்லி விளையாடிக்கொண்டு நிற்கிறேன். அவ்வளவு வெட்கம் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை.

மறுநாள் காலை ஆபீஸ் அலமாரியில் இருந்த சட்டப் புத்தகங்களை எல்லாம் இறக்கினேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கிடைத்தது. தூக்குப் பாலங்களுக்குச் சட்டம் வாஷிங்டனுடையது. ஒரு படகு முறைப்படி கேட்டால் பாலம் தூக்கியே ஆக வேண்டும். காசில்லை என்று சாக்குச் சொல்ல முடியாது. ஊர்க் கவுன்சிலின் தடை அதன் முன்னால் செல்லாது. படகோட்டி தன் பெயரில், அந்தச் சட்டத்தைச் சொல்லி, பாலத்தின் சொந்தக்காரரான கவுன்சிலுக்கு எழுதிக் கொடுத்தால் போதும் என்று வக்கீலும் ஒப்புக்கொண்டார்.

பதினோரு படகோட்டிகளுக்குப் போன் செய்தேன். பதினோரு பேரும் ஒரே பதில். வாஷிங்டன் சட்டத்தைக் கும்பிட்டு ஒரு கடுதாசி எழுதுவதற்கு, படகு மந்திரிக்காமலே கிடக்கட்டும். கடைசியில் உலிஸிடமே சொன்னேன். ஒரேயடியாக முடியாது என்றான்.

"அந்த வாஷிங்டன்காரன்கிட்ட நான் கையேந்தணுமா?"

"யாரு கையேந்தச் சொன்னா? அவன் சட்டத்தால நீ மூணு மாசமா சும்மா கெடக்குற. அதே சட்டத்தால ஒரு மணி நேரம் பாலத்தைத் தூக்கச் சொல்லு. மாட்டேன்னா நாளையிலேருந்து இந்த அடுப்பை நீயே பாத்துக்கோ, டப்பாவெல்லாம் வரிசையா இருக்கு."

தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு ஆபீஸ் கவுண்டரில் வரிசை. நாய் உரிமம் புதுப்பிக்க வந்த ஒருத்திக்குப் பின்னால், தோய்த்த சட்டை போட்டு, தலை வாரி, கையில் மடித்த தாளோடு உலிஸ் நின்றான். முறை வந்ததும் தாளை நீட்டினான்.

"பேரு?" என்றேன்.

"உனக்குத் தெரியாதா?"

"ஆபீஸ்ல தெரியாது."

"உலிஸ் நாக்கின். படகு ஓரோர்."

சத்தமாகப் படிக்கச் சொன்னேன். சட்டத்தில் அப்படி இல்லை; எனக்குக் கேட்க ஆசையாக இருந்தது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சட்டப்படி, ஞாயிறு காலை ஒன்பது மணிக்குப் பாலம் தூக்கும்படி கேட்டுக்கொள்கிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு படித்தான். உள் அறையிலிருந்து கிட்ரோ வந்துவிட்டார்.

"உலிஸ், நீயா? வாஷிங்டன் சட்டத்தைக் கொண்டாந்து நம்ம தலையில வைக்கிற?"

உலிஸ் அவரை நிதானமாகப் பார்த்தான். "என்னை வேலையில இருந்து எறக்கின சட்டம் அது. இன்னைக்கு எனக்காக ஒரு வேலை பாக்கட்டும். அவன் போட்ட தடையில எனக்கு மேடை போச்சு. நீங்க போட்ட தடையில படகும் போகணுமா?"

கிட்ரோ கழுத்துவரை சிவந்தார். பிறகு என் பேனாவை எடுத்துத் தாளில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டார். கெட்டவர் இல்லை அந்த மனிதர். கேமராவைக் கண்டால் மட்டும் புத்தி மாறும். போகும்போது தாழ்ந்த குரலில், தன் படகும் பின்னால் வரலாமா என்று கேட்டார். நீங்களும் எழுதிக் கொடுங்கள் என்றேன்.

ஞாயிறு காலை கால்வாய் முழுக்கக் காகிதப் பூவும் கொடியும் அக்கார்டியன் இசையும். வலையாட்கள் இல்லாததால் ஓரோரில் உலிஸும் நானும் மட்டும். பாலத்தைக் கேட்டவன் அவன், அதனால் முதலில் போக வேண்டியவனும் அவன்தான். ஒன்பது மணிக்கு மணியடித்தது, பாலம் முனகிக்கொண்டு எழுந்தது. ஓரோர் அதன் அடியில் கடந்ததும் படகு ரேடியோவில் வெர்டீன் குரல். கேட்டவர் கடந்துவிட்டார், மற்றவர்களும் அதே சட்டத்தைச் சொல்லி ரேடியோவிலாவது கேட்டால்தான் பாலம் தூக்கியபடி நிற்கும் என்றாள். சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் சொன்னாள், பாவி.

பிறகு கிட்ரோ முதலில் இருமினார். "அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சட்டப்படி…" என்று தொடங்கினார். அவர் முடித்ததும் அடுத்த படகு, அதற்கடுத்தது. திட்டிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் மீதி முப்பத்தொன்பது பேரும் ஒருவர் பின் ஒருவராக வாஷிங்டனைக் கேட்டுக்கொண்டு பாலத்தடியில் வந்தார்கள். நான் படகு விளிம்பைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தேன்.

கோயில் துறையில் உலிஸ் வேகத்தைக் குறைத்தான். பாதர் பென்வாவுக்கு வயசானாலும் கை வலு குறையவில்லை. அள்ளித் தெளித்த தண்ணீர் அவன் முகத்திலேயே விழுந்தது. அவன் தொப்பியைக் கழற்றியபடி அசையாமல் நின்றான். துறையில் காத்திருந்த வலையாட்கள் இருவரும் பாதர் கையை இறக்குவதற்குள் ஓரோருக்குள் குதித்துவிட்டார்கள், காலணியோடு, அவன் அடித்த புது வெள்ளைச் சாயத்தின்மேல்.

உலிஸ் அந்த அழுக்குத் தடங்களைப் பார்த்தான். முகத்தைத் துடைத்துக்கொள்ளவே இல்லை. "நாளைக்கு அஞ்சு மணிக்குக் கெளம்புறோம்" என்றான் அவர்களிடம்.