இடைவேளைக்கு முந்தின பாடம்

மஸாஹிரா டீச்சருக்குக் கொடுத்த வேலை சின்னது. பதினோராம் வகுப்பில் படிக்கும் சர்மிளாவின் அம்மாவிடம் ஒரு கடிதத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். ‘எனது மகள் குடும்பச் சூழ்நிலை காரணமாகத் தனது சொந்த விருப்பின் பேரில் பாடசாலையை விட்டு விலகுகிறாள்’ என்றது கடிதம். பாடசாலையின் பிரதி அதிபர் அஸ்ஃபர் சேர், பிள்ளையின் பெயருக்கு மட்டும் இடம் விட்டு ஏழு பிரதி எடுத்து வைத்திருந்தார். ஆறில் கையெழுத்து விழுந்துவிட்டது.

“ஓ/எல் பரீட்சை விண்ணப்பம் வெள்ளிக்கிழம போகணும் டீச்சர். உங்கட வகுப்புலதான் ஒண்டு மிச்சம் ஈக்கி,” என்றார் அவர். “புள்ளக்கிப் பதினாறு முடிஞ்சிட்டு, சட்டப்படி ஒரு சிக்கலும் வராது. வேணும்டா வெளியால பிரைவேட்டா எழுதட்டும். நம்மட வீதத்த இழுக்கத் தேவல்ல.”

வீதம் என்றால் கணிதச் சித்தி வீதம், பரீட்சையில் தேறுகிறவர்களின் கணக்கு. போன வருடம் நூற்றுக்கு முப்பத்தெட்டு. கல்வி வலயக் கூட்டத்தில் அதைத் திரையில் பெரிதாகப் போட்டு, பக்கத்திலேயே மஸாஹிராவின் பெயரையும் போட்டார்கள். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு யாருடையது என்று ஒரு வருடமாக அவள் தேடிக்கொண்டிருக்கிறாள். படுக்கையில் புரளும்போதுகூட ஒவ்வொரு முகமாக எடுத்துப் பார்ப்பாள். இனி ஒரு தரம் அப்படி நிற்க அவளால் ஏலாது.

ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து சர்மிளாவின் அம்மா ராக்கம்மா பஸ் ஏறி, கண்டியில் இறங்கி, கட்டுகஸ்தோட்டைக்கு இன்னொரு பஸ் பிடித்து வர வேண்டும். பத்து மணியாகும். அதுவரை நூலக அறையில் மகள் மட்டும் உட்கார்ந்திருந்தாள். இரண்டு வாரத்துக்குப் பிறகு பள்ளிக்கு வந்திருக்கிறாள். சப்பாத்தைப் பளிச்சென்று வெள்ளையடித்திருந்தாள்.

மஸாஹிரா எதிரே ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டாள். கடிதத்தில் என்ன இருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். ஒளிக்காமல் சொல்வது தன்னுடைய நேர்மை என்று அவள் நினைத்தாள்.

சர்மிளா முழுதும் கேட்டுவிட்டு, “சரிங்க டீச்சர்,” என்றாள்.

இவ்வளவு சுலபமாக முடியும் என்று மஸாஹிரா எதிர்பார்க்கவில்லை. ஆறுதலோடு கொஞ்சம் எரிச்சலும் வந்தது. “இந்த வருஷம் மட்டும் நாப்பத்தொரு நாள் வரல்ல நீ. மாமா வீட்டுல இருந்து பத்து நிமிஷம் நடந்தா ஸ்கூல். அங்க இருந்துக்கிட்டு என்ன செஞ்ச?”

“சும்மா இருந்தேன்.”

“கணக்குல ஒம்பது மார்க்ஸ். தமிழுல எழுவத்தொண்டு எடுக்கிற புள்ளக்கி கணக்கு மட்டும் ஏன் ஏறுதில்ல? எப்ப இருந்து விளங்கல்ல?”

“ஒம்பதாம் வகுப்பு கடைசித் தவணையில இருந்து டீச்சர்,” என்றாள் சர்மிளா. தவணையின் பெயரை யோசிக்காமலேயே சொன்னாள். “அப்பதான் ஸ்டாஃப் ரூமுக்குத் தேத்தண்ணி போடப் போகச் சொன்னீங்க.”

குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. கேட்ட தேதியைச் சொன்னாள், அவ்வளவுதான்.

ஸ்டாஃப் ரூமில் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்த வயதான பெண் ஓய்வு பெற்றுப் போனதும் வேறு ஆள் வரவில்லை. இடைவேளைக்கு முந்தின பாடத்தில் ஒரு பிள்ளையை அனுப்பினால் மணியடிக்கும்போது பதினான்கு கோப்பையும் தயாராக இருக்கும் என்று யோசனை சொன்னது மஸாஹிராதான். அந்த நேரத்தில் எல்லா நாளும் அவளுக்கு அந்த வகுப்பில் கணிதம். “தோட்டத்துப் புள்ளக்கித் தெரியாத தேத்தண்ணியா? நீ போ மகள்,” என்று சர்மிளாவை அனுப்பினாள். நல்ல மனதோடுதான் அனுப்பினாள். கூச்சப்படுகிற பிள்ளை, நாலு டீச்சர்மார் மெச்சினால் தைரியம் வரும் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். டீச்சர்மாரும் மெச்சினார்கள். யாருக்குச் சீனி வேண்டாம், யாருக்குச் சாயம் கூட வேண்டும் என்று பிள்ளை ஒருநாளும் பிழை விடவில்லை.

பத்தாம் வகுப்பில் பரீட்சைத் தாள் கொடுத்த நாளும் மஸாஹிராவுக்கு இப்போது நினைவு வந்தது. குறைந்த புள்ளியில் தொடங்கி மேலே மேலே வாசித்துப் போவது அவளுடைய வழக்கம். முதல் பெயர் சர்மிளா. “தேத்தண்ணிக்கு மார்க்ஸ் போட்டா இவதான் ஃபர்ஸ்ட்,” என்றாள் அன்றைக்கு. வகுப்பே மேசையைத் தட்டிச் சிரித்தது. மறுநாள் சர்மிளா வரவில்லை. வராத நாட்களைப் பதிவேட்டில் சிவப்புப் பேனாவால் குறித்தது மஸாஹிராவின் கைதான்.

சர்மிளா தவறவிட்டது வாரத்துக்கு ஐந்து பாடம். தவணைக்குப் பன்னிரண்டு வாரம். அவள் மனதுக்குள் பெருக்கத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டாள். விடை தெரிந்தால் அஸ்ஃபர் சேரிடம் போய் அதைச் சொல்ல வேண்டிவரும். அவளுடைய சொந்த மகள் அம்னாவும் இதே பரீட்சை எழுதப் போகிறாள். கண்டியில் கணிதத்துக்கு மட்டும் இரண்டு டியூஷன். அதையும் இந்த நேரத்தில் நினைக்க அவள் விரும்பவில்லை.

“நீ அப்பவே என்னோட வந்து சொல்லிருக்கலாமே,” என்றாள்.

சர்மிளா தலையசைத்தாள். பிறகு, “பிரைவேட்டா எழுத ஏலுமா டீச்சர்?” என்று கேட்டாள்.

“ஏலும். ஏன் ஏலாது?”

அந்த விண்ணப்பத்தை யார் எடுத்துக் கொடுப்பது, யார் நிரப்புவது என்று இரண்டு பேரும் பேசவில்லை.

“அம்மாகிட்ட நீங்க சொல்லாதீங்க டீச்சர். இங்கயே சத்தம் போட்டு அழுவாங்க, எல்லாரும் பார்ப்பாங்க. நான் பொறவு வீட்டுல வச்சுச் சொல்லிக்கிறேன்.”

மஸாஹிரா சரி என்றாள். அந்த வேண்டுகோள் தனக்கு எவ்வளவு வசதி என்பது அவளுக்கு உடனே விளங்கிவிட்டது.

ராக்கம்மா திருவிழாச் சேலையில் வந்தாள். பையில் நாலு பட்டர் ஃப்ரூட். “வாங்க, இருங்க,” என்று மஸாஹிரா கதிரையைக் காட்டினாள். ராக்கம்மா நுனியில் உட்கார்ந்தாள். டீச்சர் ஆளனுப்பிக் கூப்பிட்டு, கதிரையும் போட்டுக் கொடுத்தால் அது நல்ல செய்தியாகத்தான் இருக்கும் என்று அவள் முகம் முடிவு செய்துவிட்டது.

“புள்ள எப்படிங்க டீச்சர் படிக்கிறா? மாமா வீட்டுல ஒழுங்கா இருக்காளா?”

“நல்ல புள்ள,” என்றாள் மஸாஹிரா. கடிதத்தை நீட்டினாள். “இதுல ஒரு கையெழுத்து வேணும்.”

ராக்கம்மா தாளை வாங்கி, மேலே இருந்த பள்ளிக்கூடச் சின்னத்தைத் தடவிப் பார்த்தாள். “எனக்குப் பேரு மட்டுந்தாங்க எழுதத் தெரியும். நீ வாசி புள்ள, அம்மா கேட்கிறேன்.”

சர்மிளா தாளைக் கையில் எடுத்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, எங்கேயும் தடுமாறாமல் வாசித்தாள்:

“‘எனது மகள் சர்மிளா, க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு இப்பாடசாலையிலிருந்து தோற்றுவதற்கு இத்தால் சம்மதம் தெரிவிக்கின்றேன். பரீட்சை முடியும்வரை அவளை வேறெந்த வேலைக்கும் அனுப்ப மாட்டேன் எனவும் உறுதியளிக்கின்றேன்.’”

வாசிக்கும்போது அவள் கண் ஒவ்வொரு வரியாக இறங்கியது. அந்தத் தாளில் இல்லாத ஒரு கடிதத்தை, அஸ்ஃபர் சேரின் கடிதத்தைவிடத் திருத்தமான தமிழில், நின்ற நிலையில் அவள் எழுதிக்கொண்டிருந்தாள். இப்படி ஒரு பிள்ளையையா விலக்குகிறோம் என்று மஸாஹிராவுக்குள் ஏதோ எழும்பியது. அவள் அதை உட்காரவைத்தாள்.

ராக்கம்மா நிமிர்ந்தாள். “கொழும்புல வீட்டு வேலைக்குக் கேட்டாங்க டீச்சர். இவ மாமன்தான் அனுப்பு அனுப்புன்னு நிக்கிறான். முடியாதுன்னுட்டேன். படிக்கிற புள்ளய அனுப்புவாங்களா? இப்ப ஸ்கூல்லயே எழுதி வாங்கிட்டாங்கன்னு சொன்னா வாய மூடுவான். அப்படித்தானுங்களே டீச்சர்?”

தாளைப் பிடித்திருந்த சர்மிளாவின் விரல் அசையவில்லை.

இந்த நொடியில் ஒரு சொல் போதும் என்று மஸாஹிராவுக்குத் தெரிந்தது. அந்தச் சொல் நாக்குவரை வந்ததும் உண்மை. கூடவே திரையில் அவள் பெயரும் வந்தது.

“ஓ, அப்படித்தான்,” என்றாள்.

ராக்கம்மா பெயரை எழுத்து எழுத்தாக எழுதினாள். பேனாவை மூடி இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தாள். “சோதனை எந்த மாசங்க?”

“பெப்ரவரி.”

அது ஒன்றுதான் பொய்யில்லாத பதில்.

“அப்ப நீ கிளாசுக்கு ஓடு, பாடம் போயிரும். அம்மா இங்கன நின்னு பார்த்துட்டுப் போறேன்,” என்று ராக்கம்மா மகளின் தோளைத் தள்ளினாள்.

மஸாஹிராவுக்கும் அடுத்தது அதே வகுப்புத்தான். டீச்சர் முன்னால் போக, சர்மிளா பின்னால் நடந்தாள். வராந்தா திரும்புகிற இடத்தில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நின்றுவிட்டாள்.

“இங்க நின்னா அம்மாவுக்குத் தெரியாது டீச்சர். அவங்க போனதும் நான் போறேன்.”

மஸாஹிரா திரும்பிப் பார்த்தாள். உண்மைதான், சுவர் மறைத்தது. வகுப்பில் பிள்ளைகள் இரைந்துகொண்டிருந்தார்கள். அவள் உள்ளே போனாள். வழக்கமாகத் திறந்தே வைக்கிற கதவை அன்றைக்குச் சாத்திக்கொண்டாள்.