கடல் பக்கம், மேட்டுப் பக்கம்

சோவானேவைப் பாடகர் குழுவுக்குக் கூட்டிப் போக ஆள் இல்லாமல் இல்லை. சனிக்கிழமைதோறும் கிழங்கு லாரி ஓட்டும் அவனுடைய சிநேகிதன் மோசேசே வாசலில் வந்து குரல் கொடுப்பான். "கயித்துல கட்டின பன்னி மாதிரி என்னை இழுத்துட்டுப் போகணுமா? போடா" என்று சோவானே உள்ளிருந்தே விரட்டிவிடுவான். சர்க்கரை வியாதி அவன் பார்வையைப் பறித்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அதற்கு முன்பு வவாவு தீவுகளுக்கிடையே படகு ஓட்டியவன். தேவாலயத்தில் அவனுடைய கட்டைக்குரல் இல்லாமல் ஒரு பாட்டும் எழும்பாது. இப்போது பகல் முழுக்கப் பாயில் படுத்துக் கிடந்தான்.

அவன் மனைவி லெசியெலிக்கு ஆஸ்பத்திரியில் உதவியாளர் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஆனால் பள்ளிப் படிப்பை முடித்திருக்க வேண்டும். கல்யாணத்தோடு படிப்பை விட்டவள் இப்போது பெரியவர்களுக்கான வகுப்பில் சேர்ந்திருந்தாள். அந்த வாரம் டீச்சர் கலோலைனே கொடுத்த வேலை, ஓர் இடத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதுவது. அங்கே வந்தே இராத ஒருவர் அதைப் படித்துவிட்டு வழி தவறாமல் நடக்க வேண்டும்.

லெசியெலி தன் வீட்டைப் பற்றி எழுதி, பிழை இருக்கிறதா என்று பார்க்க உரக்கப் படித்தாள்.

"எங்கள் வீடு மிக அழகானது. சுற்றிலும் பல மரங்கள் உள்ளன. இடது பக்கம் சமையல் கொட்டகை. சற்றுத் தூரத்தில் வெள்ளைத் தேவாலயம் ஒளிவீசுகிறது."

"எந்த இடது?" என்றான் சோவானே பாயிலிருந்து.

"என் இடதுதான். வேற யாரோட இடது?"

"சரி, நீ எங்க நிக்கிற?"

லெசியெலி தாளைப் பார்த்தாள். வாசலில் நிற்கவில்லை, சாலையிலும் நிற்கவில்லை. "வானத்துல நிக்கிறேன் போலிருக்கு" என்றாள்.

சோவானே சிரித்தான். அவன் சிரித்து வெகுநாள் ஆகியிருந்ததால் அவளும் கூடவே சிரித்துவிட்டாள்.

"இரு, நீ படி. நான் நடந்து பாக்கறேன்" என்று எழுந்தான். அவள் படிக்கப் படிக்க வாசலைத் தாண்டினான். நாலு எட்டு வைப்பதற்குள் முழங்கால் எதிலோ மோதியது. வலி தாங்காமல் ஒரு கெட்ட வார்த்தை சொன்னான்.

"இது எப்ப இங்க வந்துச்சு?"

"பன்னித் தொட்டியா? அது எப்பவும் அங்கதானே கிடக்கு!"

"உன் எழுத்துல இல்லையே, லெசி."

அவளுக்கு உறைத்தது. தினமும் அந்தத் தொட்டியைச் சுற்றிக்கொண்டுதான் போய்வருகிறாள். ஆனால் எழுத உட்கார்ந்தபோது அது நினைவுக்கே வரவில்லை. அழகு, ஒளி என்றெல்லாம் எழுதத் தெரிந்தவளுக்கு, காலில் இடிப்பதை எழுதத் தெரியவில்லை.

மறுநாள் கண்ணை மூடிக்கொண்டு வேலியைத் தடவித் தடவி நடந்தாள். பக்கத்து வீட்டுக்காரி, "என்னடி, உனக்கும் வந்துடுச்சா?" என்று கேலி செய்தாள். லெசியெலி, புல் எங்கே முடிகிறது, சரளை எங்கே தொடங்குகிறது, காற்று எங்கே திறக்கிறது என்று ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டாள். போகும்போது இடதாக இருந்ததெல்லாம் திரும்பி வரும்போது வலதாகிவிட்டது. தலையைப் பிய்த்துக்கொண்டாள்.

"படகுல நாங்க இடது வலதுன்னா பேசுவோம்?" என்றான் சோவானே. "கடல் பக்கம், மேட்டுப் பக்கம். நீ எப்படித் திரும்பினாலும் கடல் எங்கயும் போகாது."

எல்லாவற்றையும் அடித்துவிட்டுப் புதிதாக எழுதினாள்.

"வாசலில் இறங்கி, கடல் காற்று முகத்தில் படும்படி நில். முன்னால் பன்றித் தொட்டி. வேலியில் கை வைத்தபடி அதைத் தாண்டிக் கடல் பக்கம் நட. புல் போய்ச் சரளை வந்தால் அது சாலை. மாலை வெயில் முகத்தில் அடிக்கும் திசைக்குத் திரும்பு. மேட்டுப் பக்கம் சீமைப்பலா மரம். அதன் வேர் சாலைக்குள் நீண்டிருக்கிறது, காலால் தேடிப் பார்த்துத் தாண்டு. அதற்கு அப்பால், அலைச் சத்தம் ஒரு சுவரில் மோதித் திரும்பி வரும். அந்தச் சுவர்தான் தேவாலயம்."

வகுப்பில் கலோலைனே அதை இரண்டு முறை படித்தாள். "அக்கா, இதுல ஒரு நிறம்கூட இல்லையே?"

"நடக்கப்போறவருக்கு நிறம் வேண்டாம், டீச்சர்."

கலோலைனே புரிந்துகொண்டாள். பேனாவால் ஒரு வரியைத் தொட்டு, "அப்படின்னா 'அதற்கு அப்பால்'ங்கறது போதாதுக்கா" என்றாள். "எதுக்கு அப்பால்? வேருக்கா, மரத்துக்கா? அவர் அங்கதான் தடுமாறுவார்." லெசியெலி அங்கேயே உட்கார்ந்து, "மரத்தின் நிழல் முடிந்து மறுபடி வெயில் உறைக்கும் இடத்தில்" என்று திருத்தினாள்.

எத்தனையோ முறை படிக்கச் சொல்லிக் கேட்டுச் சோவானே அதை மனப்பாடம் செய்தான். சனிக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு தேவாலயத்துக்குப் போகிறவர்கள் உடுப்புக்கு மேல் இடுப்பில் சுற்றும் பாயைத் தானே கட்டிக்கொண்டு, கம்பைக் கையில் எடுத்தான்.

"பின்னால வராதே. வந்தா உன் செருப்புச் சத்தம் எனக்குத் தெரியும்."

வேலியோரமாக நின்று பார்த்தாள். தொட்டியைத் தாண்டினான். சரளைக்கு வந்தான். வெயிலுக்கு நேராகத் திரும்பினான். அப்போதுதான் அவள் கண்ணில் பட்டது: சீமைப்பலா மரத்தடியில், பாதையை அடைத்துக்கொண்டு ஒரு லாரி. காலையில் அது அங்கே இல்லை. அவள் எழுத்திலும் இல்லை.

கத்த வாயைத் திறந்தவள் அப்படியே மூடிக்கொண்டாள். வேலித் தகரம் உள்ளங்கையில் அழுந்தியது.

கம்பு உலோகத்தில் டங்கென்று பட்டது. சோவானே நின்றான். கையால் தடவினான். பக்கவாட்டில் அடுக்கியிருந்த கிழங்குக் கூடைகளைத் தொட்டு முகர்ந்தான். பிறகு முகத்தை மெல்லத் திருப்பிக் காற்றைத் தேடினான். காற்று கன்னத்தில் பட்டதும் கடல் பக்கமாக லாரியைச் சுற்றத் தொடங்கினான். சுற்றியதில் அடையாளத்துக்கு இருந்த வேர் தவறிப் போயிற்று, மரமும் போயிற்று. சாலை நடுவே தனியாக நின்றான். அலைச் சத்தத்துக்குக் காது கொடுத்தான். பிறகு, யாரோ கூப்பிட்டது போல மேட்டுப் பக்கம் திரும்பி நேராக நடந்தான்.

தேவாலய வாசலிலிருந்து அவன் குரல் தெரு முழுக்கக் கேட்டது. "டேய் மோசேசே! லாரிய நிறுத்த உனக்கு வேற எடமே கிடைக்கலயாடா?"

உள்ளே ஒரே கூச்சல். "அண்ணே, நீ எப்படி வந்த? யாரு கூட்டிட்டு வந்தது?" பிறகு சிரிப்பு, பெஞ்சுகள் நகரும் சத்தம், கொஞ்சம் கழித்துப் பாட்டு. கட்டைக்குரல் முதல் வரியில் கரகரத்தது. இரண்டாவது வரியில் நிலைத்து நின்றது. லெசியெலி தகரத்திலிருந்து கையை எடுத்துப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

பொழுது சாயும் முன் திரும்பி வந்தவன் உட்காரக்கூட இல்லை. "அடுத்தது படகுத் துறைக்கு எழுது" என்றான்.

"அந்தப் பக்கம் நான் போனதே இல்லையே. அங்க எது எங்க இருக்குன்னு எனக்கென்ன தெரியும்?"

"எனக்குத் தெரியும். ஆனா ஒரு வருஷத்துல என்னென்ன மாறியிருக்குன்னு தெரியாது. திங்கட்கிழமை ரெண்டு பேரும் போவோம். நான் இருந்ததைச் சொல்றேன், நீ இருக்கறதைச் சொல்லு."

"தொட்டி கிட்டி ஏதாவது விட்டுப்போனா திட்டக் கூடாது."

"திட்டுவேன்" என்றான் சோவானே. "சாப்பாடு போடு, பசிக்குது."