நிறம் ஏறும் வரை

காலையில் எழுந்தபோது ஜாடிக்குள் ஈ இருந்தது.

மணலில் நான் குத்தி வைத்திருந்த குச்சியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றது. வெளிறிய சாம்பல் நிறம். சிறகுகள் இன்னும் சரியாக விரியவில்லை. லென்ஸை எடுத்துக் கண்களைப் பார்த்தேன். பெண்ணாக இருந்தால் இரண்டு கண்களுக்கும் நடுவில் இடைவெளி இருக்கும். இதற்கு நெற்றியில் ஒட்டியிருந்தன. ஆண்.

துள்ளிக் குதிக்க வேண்டிய நேரம். நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டு வருடமாகக் கடற்கரை மணல்மேடுகளில் மஞ்சள் கிண்ணங்களில் சோப்புத் தண்ணீர் வைத்து ஈ பிடிக்கிறேன். போன கோடையில் இந்த வகையில் ஒரே ஒரு பெண் விழுந்தது. அது இரண்டு இனங்களில் ஏதோ ஒன்று. ஒன்று எல்லாக் கடற்கரையிலும் இருப்பது. மற்றது பல காலமாக யார் கண்ணிலும் படாதது. பெண்ணை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. ஆணின் வால்நுனிக்குள் இருக்கும் கொக்கியைப் பார்த்தால்தான் தெரியும். அரிய இனம் அங்கே வாழ்கிறது என்று காட்டினால் மேட்டைச் சமப்படுத்திக் கார் நிறுத்துமிடம் கட்ட விடமாட்டார்கள். காட்டாவிட்டால் அடுத்த மாதம் இயந்திரம் வரும்.

அதனால் மணலைச் சலித்தேன். நூல் போன்ற வெள்ளைப் புழுக்கள் சில கிடைத்தன. லேபில் ஏசி மணலைக் காய வைத்துவிடும் என்று வீட்டுக்குக் கொண்டுவந்து, இடம் போதாமல் எல்லாவற்றையும் ஒரே ஜாடியில் போட்டேன். அவை ஒன்றையொன்று தின்னும் என்பது எனக்கு உறைக்கவில்லை. கொஞ்ச நாளில் ஒன்றுதான் மிஞ்சியது, நன்றாகக் கொழுத்து. பிறகு அது மணலுக்குள் கூட்டுப்புழுவானது.

வீடு அக்காவுடையது. என் வேலை என்னவென்று கேட்பவர்களிடம் அத்தான், "படிச்சு முடிச்சு ஈ ஓட்டுறா" என்பார். ஆணுக்காகக் காத்திருக்கிறேன் என்று தெரிந்த பிறகு, மாப்பிள்ளை எப்போது வருகிறார் என்று சாப்பாட்டு மேஜையில் தினமும் விசாரிப்பார். நான் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவேன்.

எங்கள் ஆய்வுத் திட்டத்தின் தலைவருக்குப் போன் செய்தேன். உடனே கொன்று பார்த்துச் சொல்லச் சொன்னார். கார் நிறுத்துமிடத்துக்கு அனுமதி தரும் குழுவுக்குச் சாயங்காலம் அறிக்கை போக வேண்டும். புதிதாக வெளிவந்த ஈக்கு உடம்பு இன்னும் பச்சை உடம்பு. இப்போது கொன்றால் சுருங்கிப்போகும், கொக்கியும் மடங்கிவிடும். பிறகு யாரும் எதுவும் சொல்லலாம். ஒரு நாள் உயிரோடு விட்டால்தான் நிறம் ஏறி உடம்பு இறுகும் என்றேன்.

"அந்த ஈ என்ன உங்க மாமனாராம்மா, எழுந்து வர்ற வரைக்கும் வாசல்ல நிக்க?"

வழக்கமாக இந்த இடத்தில் நான் சரி சார் என்றுவிடுவேன்.

"நாளைக்கு சார்," என்றேன். எனக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னேன்.

ஒரு நாள் அவகாசம் கேட்டுப் பார்ப்பதாகவும், ஈ அதற்குள் செத்தாலோ சாதாரண இனமாக இருந்தாலோ குழுவுக்கு நான்தான் பதில் சொல்லவேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

அக்கா ஆஸ்பத்திரியில் இரவு டியூட்டி முடிந்து வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் ஜாடி முன்னால் உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நாளைக்குக் கொன்னுடுவியா?"

"ஆமா."

"அப்போ இன்னைக்குச் சர்க்கரைத் தண்ணியாவது வை."

பஞ்சில் நனைத்து வைத்தேன். சாயங்காலத்துக்குள் மேலெல்லாம் வெள்ளி மயிர் பளபளத்தது. பஞ்சில் வாயை வைத்துக் குடித்தது. அத்தான் வந்து பார்த்தார். அன்றைக்கு எதுவும் கேலி பேசவில்லை.

மறுநாள் ஃப்ரீசரில், பட்டாணிப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். எடுத்தபோது கால்களை மடக்கியிருந்தது. பஸ்ஸில் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு லேபுக்குப் போனேன். வால்நுனியை வெட்டி, சதையைக் கரைக்கும் காரக் கரைசலில் சூடாக்கி, நுண்ணோக்கியின் கீழ் ஊசியால் பிரித்தேன். சாதாரண இனத்தின் கொக்கி மழுங்கியிருக்கும். இது நுனியில் இரண்டாகப் பிளந்திருந்தது. எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து மறுபடியும் பார்த்தேன். பிளந்துதான் இருந்தது.

தலைவருக்குச் சொன்னேன். ஒரே ஒரு ஈதானே, காற்றில் எங்கிருந்தோ அடித்துக்கொண்டு வந்தது என்று குழுவில் சொல்வார்களே என்றார்.

"இது பறந்து வரலை சார். புழுவா அந்த மணலுக்குள்ள இருந்துச்சு. நான் சலிச்சு எடுத்தேன். அங்கேயே பிறந்தது."

நான் அவரிடம் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை.

"இதை அப்படியே எழுதிக் கொடுங்க," என்றார். "கார் நிறுத்த வேற இடம் பாருங்கன்னு சொன்னா என் உயிரை எடுப்பாங்க. எடுக்கட்டும்."

எழுதிக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்தபோது மதியம். திரைச்சீலை போட்ட அறையில் அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள். சத்தமில்லாமல் பக்கத்தில் படுத்தேன்.

"அதுதானா?" என்றாள், கண்ணைத் திறக்காமல்.

"அதுதான்."

"சரி, தூங்கு," என்று பாதிப் போர்வையை என் பக்கம் தள்ளினாள்.