ஒரு வள்ளத்துக்கு ஐஸ்

சனிக்கிழமை பாரிசில் என் தங்கச்சி பிறின்சிக்குக் கலியாணம். எனக்கு விசா கிடைக்கவில்லை. வீடியோவிலாவது பார்ப்போம் என்றால், அவள் போகும்போது விட்டுச்சென்ற லப்டொப் முரண்டு பிடித்தது. கலியாணத்தைக் காட்டும் வீடியோ புரோகிராம் இதில் ஓடாதாம். என்னிடம் இருப்பது பட்டன் போன். ஊரார் போனில் எட்டிப் பார்க்க மானம் இடம் தரவில்லை.

வியாழக்கிழமை வங்காலையிலிருந்து மன்னாருக்குப் போய், பஸ்மினாவின் கணினிக் கடையில் லப்டொப்பைத் தொப்பென்று வைத்தேன்.

"நல்லாத்தானே ஓடுது. பிறகேன் இதுக்குப் புதுப் புரோகிராம் தருகினமில்லை? எங்களை வேற வாங்க வைக்கிற சூழ்ச்சி!"

"அதுவும் கொஞ்சம் இருக்கும் அண்ணை," என்று சிரித்தாள். "இது விண்டோஸ் ஏழு. செய்தவையே இதைத் திருத்திறதை விட்டிட்டினம். இதிலயும் ஓடுதோ எண்டு தனியாப் போட்டுப் பாக்கவேணும், பிழை வந்தால் திருத்தவேணும். இதை வச்சிருக்கிறதோ நூறில ரெண்டு பேர்."

"அந்த ரெண்டு பேரும் ஆக்கள்தானே?"

"நீங்கள் மீன்வாடியளுக்கு ஐஸ் லொறிதானே ஓடுறனீங்கள்? வாடி மாறினாப் பிறகு பழைய கரைக்குப் போறனீங்களோ?"

காற்று மாறியதும் மீனவர்கள் எல்லாரும் வாடிக் குடிசைகளைப் பிரித்துக்கொண்டு வடக்குக் கரைக்குப் போய்விட்டார்கள். மனைவிக்குச் சுகமில்லை என்று டொமினிக் மட்டும் பழைய கரையிலேயே தங்கிவிட்டார். ஒரு வள்ளத்துக்காக அந்த மணல் பாதையில் யார் லொறி ஓட்டுவது?

"போறேல்லை," என்றேன்.

கோபம் இறங்க, ஆராயும் புத்தி வந்தது. கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன்.

"லொறி எண்டால் மணலில புதையும். கணினிக்குள்ள என்ன புதையுது?"

"புதுப் புரோகிராம் கணினியைப் பாத்து, படத்தை இப்பிடிச் சுருக்கு, பூட்டை இப்பிடிப் போடு எண்டு கேக்கும். பழசுக்கு அந்த வேலை தெரியாது."

"அப்ப எங்களிட்ட ஒருத்தருமே வரமாட்டினமோ?"

அவள் தேடினாள். எங்கேயோ ஒருவன், சம்பளம் இல்லாமல், புதுப் பிரவுசர் ஒன்றைப் பழைய விண்டோஸுக்கு ஏற்றபடி மாற்றி வைத்திருந்தான். அதற்குள்ளால் வீடியோ வந்தது.

"பாங்கு அலுவல் மட்டும் இதில செய்யாதேங்கோ அண்ணை, பாதுகாப்பில்லை."

"அவன் ஏன் இதைச் செய்யிறான்?"

"தெரியாது. அவனிட்டயும் பழசொண்டு இருக்குமாக்கும்."

சனிக்கிழமை கலியாணப் பூசை முடிந்ததும் பிறின்சி திரைக்கு முன்னால் வந்தாள். "அண்ணை, என்ர பழைய லப்டொப்போ?" என்று கேட்டு அழுதாள். நானும் வெட்கமில்லாமல் அழுதேன்.

திங்கள் காலை லொறியைப் பழைய கரைக்குத் திருப்பினேன். இரண்டு இடத்தில் சில்லுப் புதைந்தது. டொமினிக் ஐஸையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார்.

"ஒரு வள்ளத்துக்கோ தம்பி? கட்டுப்படியாகுமோ?"

"ஆகாது," என்றேன். "மீன் பெட்டியைத் திறவுங்கோ."