மாடியில் ராஜா

ஐஸ் பெட்டியின் கண்ணாடிமேல் படிந்த ஈரத்தை வேதா முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தபோது முருகவேல் மாலையோடு வந்தான். உள்ளே சின்னசாமி நெற்றி நிறைய திருநீறோடு படுத்திருந்தார். துடைக்கத் துடைக்கக் கண்ணாடி மங்கிக்கொண்டே வந்தது. அவள் மறுபடியும் துடைத்தாள்.

அவள் புருஷனும் முருகவேலும் ஒரே கூத்துக் குழு. அவர் ராஜா, இவன் மந்திரி. கல்யாணத்துக்கு முன்பிருந்தே சின்னசாமிக்கு ராஜா வேஷம்தான். கொஞ்சம் மல்லாட்டைக் கடலை போடும் நிலமும் உண்டு என்றாலும் அடி அண்ணாமலையில் யாரும் அவரை விவசாயியாக நினைத்ததில்லை. ராஜா வீடு எது என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள்.

முருகவேல் மாலையைப் பெட்டிமேல் வைத்துவிட்டு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

“எப்டி அண்ணி?”

“காத்தால மாடிக்குப் போனாரு. டீ எடுத்துக்கினு போறேன், செவுத்துல சாஞ்சு உக்காந்திருக்காரு. தூங்குறாருன்னுதான் நெனச்சேன். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ளயே முடிஞ்சிருச்சின்னுட்டாங்க. ஹார்ட்டாம்.” அவள் கண்ணாடியையே பார்த்தாள். “வலிக்குதுன்னு ஒரு வார்த்தை கெடையாது. தெனமும் அவ்ளோ பேசுற மனுசன்.”

“யாருகிட்ட பேசுவாரு?”

“யாருகிட்டயா? கூத்துப் பாடம்தான். பங்குனிக்கு ஜாஸ்தி ஊரு ஒத்துக்கினு இருக்கீங்களாமே, அதுக்கு.”

முருகவேல் தலையை மட்டும் ஆட்டினான்.

ஐப்பசியிலிருந்தே அப்படித்தான். விடியும் நேரத்தில் மாடிக்குப் போய்விடுவார். கீழே அடுப்படியில் வேதாவுக்குக் குரல் தெளிவாகக் கேட்கும். படையெல்லாம் போய், காட்டில் தனியாக நிற்கும் ராஜா கடைசியாகப் பேசும் கட்டம். மற்ற கட்டங்களுக்குச் சத்தம் போட்டுத்தான் பாடம் பண்ணுவார். இதற்கு மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்வார். மலைப் பக்கம் பார்த்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்தி, யாரோ எதிரில் இருப்பதுபோலப் பேசுவார். ஒருநாள் தோசை கருகுவதுகூடத் தெரியாமல் நின்று கேட்டாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இறங்கி வந்தவரிடம், “இன்னிக்கு ரொம்ப நல்லா வந்துச்சுங்க, எனக்கே அழுகை வந்துருச்சு” என்றாள். அவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “அப்படியா” என்று சிரித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

“அந்த சுமைதாங்கி வரி இருக்குதே,” என்றாள் வேதா. “அது யாரு எழுதுனது? உங்க வாத்தியாரா?”

“எது அண்ணி?”

“‘இந்த உடம்பைச் சுமந்து சுமந்து தோளு தேஞ்சு போச்சு. எறக்கி வைக்க இந்த ஊருல ஒரு சுமைதாங்கி இல்லையா’ன்னு வருமே. அப்பால, ‘தூக்கமே, நீயாவது வா. வந்தா என்னை எழுப்பாத’ன்னு.”

முருகவேல் தலை நிமிர்ந்தான். வாசலில் பந்தல்காரர்கள் நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

“அது நம்ம பாடத்துல இல்லையே” என்றான்.

“இல்லையா?”

“ராஜா சாவுற கட்டத்துல அவன் அழவே மாட்டான் அண்ணி. கடைசி வரைக்கும் கத்தியத் தூக்கிக்கினு எதிரிய வான்னு கூப்புடுவான்.”

பேசி முடித்த பிறகுதான் எதைப் பேசிவிட்டோம் என்று அவனுக்கு விளங்கியது. “புதுசா சேர்த்திருப்பாரு” என்று அவசரமாகச் சொன்னான். “அண்ணன் அப்படித்தான், சொந்தமா சேப்பாரு.”

“முருகவேலு.”

“சொல்லுங்க அண்ணி.”

“பங்குனிக்கு ராஜா யாரு?”

அவன் கைவிரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். “போன ஆடியில செங்கம் பக்கம் ஒரு ஊருல ஆடுனோம். நடுவுல பாடம் மறந்து நின்னுட்டாரு. நான் எடுத்துக் குடுத்தேன். ஏறல. பசங்க விசிலடிச்சாங்க. விடியறதுக்கு முன்னாடியே வேஷத்தைக் கலைச்சிட்டு, எனக்கு வேணாம்பா, வேற ஆளு போட்டுக்கன்னுட்டாரு. அதுக்கப்புறம் வரவே இல்ல.”

“ஒத்திகைன்னு சாயங்காலம் சாயங்காலம் கெளம்பிப் போவாரே.”

“குளத்தாண்ட உக்காந்திருப்பாரு. நானே ரெண்டு மூணு தடவை பாத்தேன். கூப்பிட்டா, நீ போ, வரேன்னுவாரு. வூட்ல உங்ககிட்ட சொல்லியிருப்பாருன்னு நெனச்சிக்கினேன் அண்ணி.”

வேதா முந்தானையை எடுத்து மறுபடி கண்ணாடியைத் துடைத்தாள். துடைத்த இடத்தில் அவர் வாய் தெரிந்தது. மோவாயோடு சேர்த்துத் தலையைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள்.

பெங்களூரிலிருந்து கவியா மத்தியானம் வந்து சேர்ந்தாள். ஒரே பெண். பெட்டிமேல் விழுந்து அழுது ஓய்ந்த பிறகு, அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டாள்.

“அன்னிக்கு நீ போனை மாடிப்படியில வச்சு அப்பா பேசுறதக் கேக்க வச்சியே. அது காதுலயே இருக்குதும்மா. அந்தக் கட்டத்த அப்பா மாதிரி யாராலயும் பண்ண முடியாது.”

வேதா மகளின் தலையைத் தடவினாள். சுவரோரம் உட்கார்ந்திருந்த முருகவேல் எழுந்து வெளியே போனான்.

“ஆமா” என்றாள் வேதா.

அன்று பௌர்ணமி. வெயில் இறங்குமுன்பே கிரிவலப் பாதையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. சுடுகாடு பாதைக்கு அந்தப் பக்கம். மேளம் முன்னால் போக, பாடையைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக்கு வந்தார்கள். பெண்கள் அதற்குமேல் போவதில்லை. முருகவேல் முன்னால் ஓடி, நடப்பவர்களைக் கையைக் காட்டி நிறுத்தினான். கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒரு குழந்தை எட்டிப் பார்த்தது, அதன் அம்மா கண்ணைப் பொத்தினாள். பாடை அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் கூட்டம் மறுபடி ஒன்றாகி நகர்ந்தது. கொஞ்ச நேரத்தில் மேளச் சத்தமும் கேட்கவில்லை.

பெண்கள் வீட்டுக்குத் திரும்பத் தொடங்கினார்கள். பக்கத்து வீட்டு ரேவதி வேதாவின் கையைப் பிடித்தாள். “வாக்கா. தலைக்கு ஊத்திக்கணும்.”

“நீ போ, வரேன்” என்றாள் வேதா.

அவள் பாதை ஓரத்தில் நின்றாள். தெரியாத முகங்கள் போய்க்கொண்டே இருந்தன. வெறுங்காலோடு, சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு நடுவயது ஆள் தனியாக வந்தான். தலை குனிந்திருந்தது. வாய் மட்டும் அசைந்தது.

“முடியல. சத்தியமா முடியல. எவ்ளோதான் தாங்குறது…”

வேதா பாதையில் இறங்கி அவன் எதிரில் போய் நின்றாள்.

“இன்னாப்பா? இன்னா முடியல? எங்கிட்ட சொல்லு.”

அவன் திடுக்கிட்டு நின்றான். காதிலிருந்து வெள்ளையாக எதையோ உருவினான். “உங்ககிட்ட இல்லம்மா. போன்ல வூட்டுக்காரி. கால் வலி, அதான் சொல்லினு இருந்தேன்.”

அதைத் திரும்பக் காதில் வைத்துக்கொண்டு, அவளைச் சுற்றி விலகி நடந்தான். மறுபடி பேசத் தொடங்கினான். பின்னால் ரேவதி கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். வேதா திரும்பவில்லை. அவன் பேச்சு காதில் விழும் தூரத்திலேயே, பாதை ஓரமாக அவனோடு நடந்தாள்.