கொசுவின் ஆறு வாரங்கள்

அந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்குக் கொசு என்று பெயர். ஊசி இறங்குவதே தெரியாது என்பதால் யாரோ ஒரு நோயாளி அன்பாக வைத்தது. பதினோரு வருஷத்தில் அதுவே நிலைத்துவிட்டது. நரம்பு எவ்வளவு ஆழத்தில் ஒளிந்திருந்தாலும் ஒரே குத்தில் பிடித்துவிடுவாள். ஒவ்வொரு கையையும் தொடுமுன், "ஆண்டவனே, இவருக்கு வலிக்கக் கூடாது" என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வாள். அதைத் தவிர அவளிடம் வேறு மந்திரம் இல்லை.

அப்படிப்பட்டவள் ஒரு திங்கட்கிழமை காலையில், ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவரின் கையில் இரண்டு தடவை குத்தித் தவறவிட்டாள்.

"என்ன கொசு, இன்னைக்கு விலாசம் மாறிப்போச்சா?" என்றார் அவர்.

அவளும் சிரித்தாள். மூன்றாவது தடவை ஊசியை எடுத்தபோது அதன் முனை நிலைகொள்ளாமல் ஆடியது. கீழே வைத்துவிட்டாள்.

"மன்னிச்சிடுங்க சார். உங்க நரம்பு மேல தப்பில்ல. என் கைதான் சரியில்ல."

பரிசோதனை இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் தோழி வந்து அவர் வேலையை முடித்து அனுப்பினாள். பிறகு இவளை முக்காலியில் உட்காரவைத்து மணிக்கட்டைப் பிடித்து நாடியை எண்ணினாள்.

"நூத்திப் பதினெட்டு. உக்காந்திருக்கும்போதே இந்த ஓட்டம் ஓடுதே, யாருடி உன்னைத் துரத்துறா?"

"கொஞ்ச நாளா தூக்கம் சரியில்ல, அதான்."

"மூஞ்சியும் சுண்டிப்போச்சு. என்ன மாத்திரை போடுறே, சொல்லு."

"அக்காவோட தைராய்டு மாத்திரை."

தோழி கையை விட்டுவிட்டு அவளையே பார்த்தாள்.

நடந்தது இதுதான். எட்டு மாதத்துக்கு முன் இவளுக்கு ஓயாத அசதி. முடி கொட்டியது, உடம்பு கொஞ்சம் பூசினாற்போல் ஆனது. மேல்மாடியில் குடியிருக்கும் அக்கா பல வருஷமாகத் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவள். "ஒரே வயித்துல பொறந்தோம், உனக்கும் அதேதான் இருக்கும்" என்று தன் டப்பாவிலிருந்தே எடுத்துக் கொடுத்தாள். இரண்டு வாரத்தில் கால் தரையில் பாவவில்லை, அவ்வளவு சுறுசுறுப்பு. ஒன்று இவ்வளவு நல்லது செய்தால் இரண்டு எவ்வளவு செய்யும் என்று இவளே கூட்டிக்கொண்டாள்.

"தினமும் எத்தனை பேருக்கு தைராய்டு டெஸ்ட்டுக்கு ரத்தம் எடுக்கிறே. ஒரு நாளாவது உன் கையை நீட்டினியா?" என்றாள் தோழி.

நீட்டவில்லை. விளக்குக்கு அடியில்தான் இருட்டு. கூடத்தில் எல்லாருமே ரத்தம் எடுப்பவர்கள். தனக்கென்று எடுத்துப் பார்ப்பவர் ஒருவரும் இல்லை. அன்றைக்குத்தான் முதல்முறையாக அவள் நோயாளிகளின் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

முடிவைப் பார்த்த, கூடத்தை நடத்தும் டாக்டரம்மா, இதயத்தையும் படம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதயத்துக்கு ஒண்ணும் ஆகல. நல்ல நேரம், இதோட போச்சு. வெளியிலேருந்து வேண்டியதுக்கு மேலயே வருதுன்னு உங்க சுரப்பி கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கு. இந்த மாத்திரையை நிறுத்திடுங்க. ஆறு வாரம் கழிச்சு மறுபடி பார்ப்போம். நடுவுல உடம்பு கல்லு மாதிரி கனக்கும். பயந்து போய் மாத்திரையைத் தொட்டுடாதீங்க."

"அது எழுந்து வேலை செய்யுமா, டாக்டர்?"

"செய்யும்னுதான் நினைக்கிறேன். ஆனா அதை ரத்தம்தான் சொல்லணும். அதுவரைக்கும் ஊசி வேண்டாம், பதிவு மேசையைப் பார்த்துக்கங்க."

ஊசி வேண்டாம் என்றதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் வீடு திரும்பும்போது அவள் அழவில்லை. படைத்தவன் வைத்த உறுப்பு, எட்டு மாதச் சோம்பலில் தொழிலை மறந்துவிடாது என்று திடமாக நம்பினாள்.

அக்காவிடம் சொன்னபோது அவள் முகம் வாடிப்போனது.

"நான்தானே உன்னைக் கெடுத்தேன். இனிமே நானும் அந்தச் சனியனைத் தொடமாட்டேன்."

"நல்லா இருக்கு கதை. உனக்கு அது வேணும்க்கா. எனக்குத்தான் வேண்டாம். நீ பாட்டுக்கு நிறுத்தினா அப்புறம் உன்னைத் தூக்கிட்டு ஓட என்கிட்ட தெம்பு இல்ல."

முதல் வாரம் போனதே தெரியவில்லை. படபடப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது, தூக்கம் வந்தது. மூன்றாவது வாரம்தான் சோதனை. மாடிப்படி மலையாக நின்றது. மற்றவர்களுக்கு வியர்க்கும்போது இவள் போர்வை தேடினாள். பதிவு மேசையில் ஒருவர் பெயரை எழுதி முடிப்பதற்குள் அடுத்தவர் பொறுமை இழந்தார். தபால்காரர் மட்டும் வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டு, "அவசரமில்லம்மா, நான் சாதாத் தபால்" என்றார். அந்த ஒரு வார்த்தை அவளை அன்று சாயங்காலம் வரை தூக்கிப் பிடித்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் எழுந்து பல் துலக்கக்கூட மலைத்துப் படுத்திருந்தாள். அக்கா வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். உள்ளங்கையில் பாதியாக உடைத்த மாத்திரை.

"பாதிதான். யாருக்கும் தெரிய வேண்டாம். உன்னை இப்படிப் பார்க்க முடியல."

இவள் அந்தப் பாதியைப் பார்த்தாள். போட்டால் நாலு நாளில் எழுந்து நடமாடலாம் என்பது அவளுக்குத் தெரியும். நாக்கு ஊறியது என்றுகூடச் சொல்லலாம். மெல்ல அக்காவின் விரல்களை மடக்கி மூடினாள்.

"நீ அன்பாத்தான் கொடுக்கிறே. ஆனா அன்புக்கு அளவு தெரியாதுக்கா. இதைப் போட்டா அது திரும்பவும் தூங்கிடும். எழுப்புறதுக்குத்தான் இந்தப் பாடு."

அக்கா மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டாள். "அப்போ நான் என்னதான் பண்ணட்டும்?"

"துணி ஒரு மலை கிடக்கு. அதுக்கப்புறம் சாயங்காலம் என்கூட முனை வரைக்கும் நட."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நோயாளின்னு பார்க்க வந்தா வேலைக்காரியாக்குறியே, மகராசி."

துணியைத் துவைத்தாள். சாயங்காலம் நடக்கவும் வந்தாள். மறுநாளும் வந்தாள். முதலில் முனை வரை. பிறகு பூங்காவைத் தாண்டி. ஐந்தாவது வாரத்தில் மூச்சு வாங்கி நின்றவள் அக்காதான். பெரிய உதவி செய்ய வாய்ப்பில்லாதவர்களுக்குக் கடவுள் இப்படிச் சின்ன உதவிகளைத் திறந்து வைத்திருக்கிறான். குணமாவதில் பாதி அதில்தான் நடக்கிறது.

ஆறு வாரம் முடிந்த அன்று தோழி ரத்தம் எடுத்தாள். மதியம் காகிதத்தைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள்.

"எல்லா எண்ணும் வரம்புக்குள்ள இருக்கு. உன் சுரப்பி உன்னைவிட ரோஷக்காரி."

டாக்டரம்மாவும் பார்த்துவிட்டு, மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை பார்க்கலாம் என்றார். ஊசியை எடுக்கலாமா என்று இவள் கேட்கவேண்டியிருக்கவில்லை, அவரே தலையசைத்தார். அதுவரை பயிற்சிக்கு வைத்திருந்த ரப்பர் கையில் குத்திப் பழகிக்கொண்டிருந்தவளுக்கு, மனிதக் கை என்றதும் கொஞ்சம் தயக்கமாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை கூடத்தைத் திறக்கும்போதே வாசலில் அக்கா நின்றிருந்தாள். உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்து ரவிக்கைக் கையை மேலே ஏற்றினாள்.

"எனக்கு டெஸ்ட் பார்த்து ரெண்டு வருஷம் ஆச்சு. அதே மாத்திரை, அதே அளவு. சரியா இருக்கோ என்னவோ. நீ எடு."

"வலிச்சா?"

"உனக்கு நான் எட்டு மாசம் கொடுத்ததைவிடவா?"

இவள் பட்டையைக் கட்டி, விரலால் நரம்பைத் தடவிப் பார்த்து, வழக்கமான அந்த ஒரு வரியைச் சொல்லிக்கொண்டாள். ஊசி ஆடாமல் இறங்கியது. குழாயில் ரத்தம் ஏறியது.

"எப்போ குத்தப்போறே?" என்றாள் அக்கா, கண்ணை இறுக மூடிக்கொண்டு.