தாழிக்குப் பின்னால் பூத்த கல்காது

கல்லறை நாள் முடிந்து பதினைந்தாம் நாள் காலை, சீன மலையூரான நாப்பெங்கின் குகையில் இருந்தவர்கள் ஆறு பேர். நோங் குடும்பத்தின் தலைவர் நோங் ஷெங்தாங், வயது எழுபத்தொன்று. அவருடைய தம்பி ஷெங்வூ. நகரத்துத் தாவர ஆய்வு நிலையத்திலிருந்து வந்த, ஊரார் டீச்சர் என்று அழைக்கும் லியாங் பெய்சி என்ற பெண்மணி. செடிகளைப் பார்த்துப் படம் வரையும் அவருடைய மாணவி, தான் யூ என்ற பெண். வட்டார வனக்காவலர் மோ. பதினான்கு ஆடுகளை வைத்துப் பிழைக்கும் விதவை லூ சியூலியென். இவர்களைத் தவிர, உட்சுவரை ஒட்டிய பாறைத் திட்டில் ஒன்பது தாழிகளில் நோங் முன்னோர்களின் எலும்புகள் இருந்தன. அவர்களையும் சேர்த்து எண்ணுவதே அந்தக் குடும்பத்தின் வழக்கம். ஆடு ஒன்றும் அங்கே இல்லை.

எல்லோரும் பூவைப் பார்க்க வந்திருந்தார்கள். அவர்கள் கண்டது வெறும் சுவர்.

லியாங் முதல்முறை வந்தது முந்தின அக்டோபரில். வெயில் எட்டாமல் வெளிச்சம் மட்டும் எட்டுகிற அந்தச் சுவரில் அப்போது நூறு செடிகளுக்குக் குறையாமல் இருந்தன. இலைகள் காது மடல்களைப் போலப் பாறையோடு ஒட்டிக் கிடக்கும். ஊரார் அதைக் கல்காது என்பார்கள். மலையில் மற்ற இடங்களில் வளரும் கல்காதுக்கு இலை முழுக்க ரோமம். இந்தக் குகையில் இருந்ததற்கு இலையின் மேற்புறம் வழவழவென்று, எண்ணெய் தடவியதுபோல் இருந்தது.

"அதே இனம்தான் பெரியவரே. ஆனா தனி வகை. இதைப் பத்தி இதுவரைக்கும் யாரும் எழுதல," என்று லியாங் அன்று சொன்னார். "இலையையும் காய்ஞ்ச காயையும் மட்டும் வெச்சு எழுதினா ஒத்துக்கமாட்டாங்க. பூ வேணும். ஏப்ரல்ல வர்றேன். அதுவரைக்கும் யாரும் தொடாம பாத்துக்கணும். வகைக்கு உங்க குடும்பப் பேரையே வைக்கலாம்னு இருக்கேன்."

"எங்க பெரியவங்க இருக்குற இடம் இது. இங்க எவனும் கை வைக்கமாட்டான்," என்றார் ஷெங்தாங்.

லியாங் ஒரு செடியின் காம்பில், எண் எழுதிய சின்னத் தகரச் சீட்டு ஒன்றைக் கட்டிவிட்டுப் போனார். அந்தக் குளிர்காலம் முழுக்க ஷெங்தாங் நிமிர்ந்தே நடந்தார். இரண்டு திருமணத்திலும் ஒரு சாவு வீட்டிலும் பூவுக்கு வரப்போகும் பெயரைச் சொன்னார். கேட்காதவர்களிடமும் சொன்னார்.

சந்திரக் கணக்கில் மூன்றாம் மாதம் மூன்றாம் தேதிதான் கல்லறை நாள், தாழிகளைச் சுற்றிக் களை எடுக்கும் நாள். வழக்கமாகக் குடும்பத்து ஆண்கள் எல்லோரும் போவார்கள். இந்த முறை அவர் விடியலிலேயே தனியாகப் போனார். டீச்சர் படம் பிடிப்பார், படம் அச்சாகும், ஊர் உலகமெல்லாம் பார்க்கும். நோங் குடும்பத்துத் தாழிகள் பாசியும் பூண்டும் மண்டிக் கிடப்பதையா பார்க்க வேண்டும்? மண்கொத்தியை எடுத்தார். தாழிகளுக்கு மேலே, பக்கத்தில், கீழே, கைக்கு எட்டிய உயரம் வரை சுவரைச் சுரண்டினார். தகரச் சீட்டு கட்டிய செடியை மட்டும் விட்டுவைத்தார். டீச்சருக்கு வேண்டியது அதுதானே என்று நினைத்தார். சீட்டு ஒரு செடிக்கு, பேச்சு அத்தனை செடிக்கும் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. அந்த ஒன்றுக்கும் குழந்தைக்கு முகம் கழுவுவதுபோல் ஈரத்துணியால் இலை இலையாகத் துடைத்துவிட்டார்.

இப்போது அதுவும் இல்லை. குருத்தில் தண்ணீர் தங்கி அழுகி, தகரச் சீட்டு மட்டும் பாறையில் தொங்கிக்கொண்டிருந்தது.

லியாங் அந்தச் சீட்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு செடிகள் இருந்த இடங்களை ஒவ்வொன்றாகச் சுவரில் தொட்டுப் பார்த்தார். மூன்றாம் தேதி தான் சுரண்டித் தள்ளியவையும் அவருக்கு வேண்டிய செடிகள்தான் என்பது ஷெங்தாங்குக்கு அப்போதுதான் உறைத்தது. காது மடல்கள் சுட்டன.

"என்ன ஆச்சு இங்க? ஆடு ஏதாவது வந்துச்சா?" என்று மோ கேட்டார்.

நான் சுரண்டினேன் என்று சொல்ல மூன்று விநாடி போதும். அந்த மூன்று விநாடியும் கடந்து போயின.

"ஆடு வந்து போகும்," என்றார் ஷெங்தாங்.

வாசலிலேயே நின்றிருந்த சியூலியென் உள்ளே எட்டிப் பார்த்தாள். அவளுடைய கொட்டில் குகைக்குப் போகும் வழியில் இருந்தது. வந்தவர்களுக்குச் சோளக் கஞ்சி கொண்டுவந்திருந்தாள்.

"யாரோட ஆடு அண்ணே? என்னோடதா? அதுங்க இந்த வாசலுக்கே வராது. உள்ள ஈரம், குளம்பு வழுக்கும். மனுஷனைவிட அதுங்களுக்குப் புத்தி ஜாஸ்தி."

"புத்தி இருந்தா உங்கிட்ட வளருமா?" என்றார் ஷெங்வூ. அவருக்கு எதையும் சிரிப்பாக்க வேண்டும்.

மோ கைப்பேசியை எடுத்தார். "அக்கா, கோவிச்சுக்காதீங்க. இது இனிமே பாதுகாக்க வேண்டிய இடம். இந்த மலைப்பக்கம் ஆடு மேயக்கூடாதுன்னு எழுதித்தான் ஆகணும். வித்துடுங்க, இல்ல வேற எங்கயாவது ஓட்டிட்டுப் போங்க."

"பதினாலையும் எங்க ஓட்டுறது? உன் ஆபீசுக்கா?"

லியாங் குறிப்பேட்டைத் திறந்தார். அவர் குரலில் கோபம் இல்லை, அதுதான் ஷெங்தாங்கை வாட்டியது. "எங்க வளருது, எத்தனை செடி, என்ன ஆபத்து, மூணையும் எழுதணும். ஆபத்துன்ற இடத்துல ஆட்டு மேய்ச்சல்னு போடுறேன். பூ இல்லாம இந்த வருஷம் எழுத முடியாது. இனி எப்பவும் முடியுமான்னும் தெரியல."

அச்சில் ஏறிவிட்டால் மாற்ற முடியாது என்று லியாங் அக்டோபரில் பெருமையாகச் சொல்லியிருந்தார். நோங் என்ற பெயரும் அந்தப் பொய்யும் ஒரே தாளில் நிற்கப்போவதை ஷெங்தாங் நினைத்துப் பார்த்தார். தாழிகளின் பக்கம் கண்ணைத் திருப்ப முடியவில்லை.

அப்போது சியூலியென் கை நீட்டினாள். "டீச்சரம்மா, அந்தக் கடைசிச் சின்னத் தாழிக்குப் பின்னால வெள்ளையா ஏதோ தெரியுதே."

மோ விளக்கை அடித்தார். தாழியின் தோளுக்கு மேலே, ஒரு விரல் நீளக் காம்பில், ஒரு வெள்ளைப் பூ தலைகுனிந்து நின்றது. தான் யூ மூச்சை இழுத்துக்கொண்டாள். இலையும் வேரும் தாழிக்குப் பின்னால் மறைந்திருந்தன.

"தாழியைக் கொஞ்சம் நகர்த்தலாமா, பெரியவரே?" என்று லியாங் கேட்டார்.

அது ஷெங்தாங்கின் தாயாருடைய தாழி. அதைத் தொட உரிமை குடும்பத் தலைவருக்கு மட்டும். அன்று அவர் அதை அசைக்காததால்தான் பின்னால் இருந்தவை பிழைத்தன. ஆனால் அங்கே இருந்தது பூ மட்டும் இல்லை. கல்லறை நாளில் கூட்டிய குப்பையை முன்னோர் இடத்திலிருந்து வெளியே கொண்டுபோகக் கூடாது, ஓரமாக ஒதுக்க வேண்டும் என்பது வழக்கம். சுரண்டிய செடிகள் முழுவதையும் அவர் அந்தத் தாழிக்கும் மூலைக்கும் நடுவில்தான் தள்ளியிருந்தார்.

"நகர்த்தக் கூடாது. வழக்கம் இல்லை," என்றார்.

வழக்கம் என்றதும் எல்லோரும் அடங்கினார்கள். லியாங் தலையசைத்துக் குறிப்பேட்டை மூடினார். தன்னைக் காப்பாற்ற வழக்கத்தை இழுத்து முன்னால் நிறுத்தியது, ஆட்டின் மேல் பழி போட்டதைவிடக் கேவலமாக இருந்தது ஷெங்தாங்குக்கு. வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் அப்படிச் செய்தபோது கடிந்துகொண்டவர் அவர்.

சியூலியென் கஞ்சிப் பானையை இறக்கி வைத்தாள். சின்னத் தாழியைப் பார்த்துக் குனிந்து வணங்கினாள்.

"பெரியம்மா, எனக்குக் கல்யாணமான வருஷம் நீங்கதான் முதல் ஆட்டுக்குட்டி குடுத்தீங்க. அதோட வம்சம்தான் இதுங்க. வித்துட்டேன்னு தெரிஞ்சா கோவிச்சுக்காதீங்க," என்றாள். பிறகு மோவிடம், "ஒரு மாசம் டைம் குடு," என்றாள்.

ஷெங்தாங் திட்டின் மேல் ஏறினார். ஷெங்வூ கை கொடுக்க வந்தார். "நீ விலகு," என்றார் ஷெங்தாங். மண்டியிட்டு, மூன்று முறை நெற்றியைப் பாறையில் வைத்தார். தாழியை இரண்டு கையாலும் அணைத்து, ஒரு முழம் தள்ளி வைத்தார்.

சுவரில் ஐந்து செடிகள் இருந்தன. அவற்றின் கீழே, முழங்கால் உயரத்துக்கு, காய்ந்து கருத்த கல்காதுகள் குவிந்து கிடந்தன. குவியலின் மேலே மண்கொத்தியைத் துடைத்த துணி. அது அவர் வீட்டுத் துணி என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

"ஆடு வரல. நான்தான் சுரண்டினேன்," என்றார். முதுகைக் காட்டியபடியே சொன்னார். பிறகு அது முறையில்லை என்று தோன்றி, திரும்பி, சியூலியெனைப் பார்த்து மறுபடி சொன்னார். "உன் ஆடு வரல. நான்தான்."

சியூலியென் அவரை வைது தீர்த்திருக்கலாம். "துணியைப் பார்த்ததும் தெரிஞ்சுபோச்சு அண்ணே," என்றாள். "கஞ்சி ஆறுது, இறங்கி வாங்க."

மோ எழுதியதை அழித்தார். லியாங் பூத்த செடியை வேரோடு எடுத்து, தாளுக்கு நடுவில் வைத்து அழுத்தினார். வகைக்கு ஆதாரமாக நிரந்தரமாக இருக்கப்போகிற மாதிரி அதுதான். எடுப்பதற்கு முன் தான் யூ இரண்டு மணி நேரம் உட்கார்ந்து அதை வரைந்தாள். குவியலைக் கிளறி, காய்ந்த மொட்டுகள் இருபத்தாறு பொறுக்கி எடுத்தாள்.

"எங்க பேரு வேண்டாம்," என்றார் ஷெங்தாங். "ஆபத்துன்ற இடத்துல நான் செஞ்சதை எழுதுங்க. அங்க என் பேரைப் போடுங்க."

"அங்க ஆள் பேரு போடுற வழக்கம் இல்லை, பெரியவரே," என்றார் லியாங். குகையில் தான் சொன்ன அதே சொல்லைத் தெரிந்து திருப்பிச் சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்று ஷெங்தாங்குக்குப் புரியவில்லை.

அந்த டிசம்பரில் கட்டுரை வந்தது. ஷெங்வூவின் மகள் சீன மொழியில் அதை வாசித்தாள், அவர் நின்றுகொண்டே கேட்டார். இலையின் மேற்புறம் வழவழப்பானது. பூ வெள்ளை, தொண்டையில் ஒரே ஒரு மஞ்சள் கோடு. வகைக்கு நாப்பெங் ஊரின் பெயர். ஒரே குகையில் மட்டும் காணப்படுகிறது. ஆபத்து, கல்லறை நாளில் சுவரைச் சுரண்டுதல். உயிரோடு இருப்பவை நான்கு.

"நாலா?" என்று கேட்டார், தெரிந்திருந்தும்.

"நாலுதான் பெரியப்பா."

அடுத்த கல்லறை நாளில் மண்கொத்தியை அவர் ஷெங்வூவின் கையில் கொடுத்துவிட்டு வாசலிலேயே நின்றார்.

பூவை லூ சியூலியெனின் ஆடுகள் தின்றுவிட்டன என்று சந்தையில் இன்னும் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். ஆடுகள் அந்தக் குகைக்குள் ஒருநாளும் போனதில்லை. சுரண்டியவர் நோங் ஷெங்தாங்.